‘இனண்டேஷன்’: ஒரு சொல்லின் நதிமூலம்

புயல் நேரத்தில் ஆங்கிலச் செய்தி கேட்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறதா? இருந்தால் ‘இனண்டேஷன்’ என்ற சொல் கட்டாயம் உங்கள் காதில் விழுந்திருக்கும். “தாழ்வான பகுதிகளில் இனண்டேஷன் ஏற்படலாம்” என்பது வானிலை அறிக்கைகளில் ஏறக்குறைய ஒரு வாய்பாடாகவே ஆகிவிட்டது. அகராதியைப் புரட்டினால் ‘வெள்ளப்பெருக்கு’ என்று ஒரே சொல்லில் பொருள் கூறி முடித்துவிடும். அப்படியானால் எல்லோருக்கும் தெரிந்த ‘ஃப்ளட்’ என்ற சொல்லையே சொல்லிவிட்டுப் போகலாமே! இன்னொரு சொல் எதற்கு?

காரணம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளத் திருவண்ணாமலைக்குப் போவோம்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு, ஃபெஞ்சல் என்ற புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கரையைக் கடந்த புயல் மளமளவென்று உள்நாட்டுக்குள் சென்று வலுவிழப்பதுதான் வழக்கம். இதுவோ புதுச்சேரியை ஒட்டிய பகுதியிலேயே பல மணி நேரம் அசையாமல் நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேலும், விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 51 செ.மீ.யும் மழை கொட்டியது. பிறகு அது மெல்ல மேற்கே நகர்ந்தது. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. பதிவாயிற்று. கடலிலிருந்து வெகு தொலைவில் உள்ள ஊருக்கு இது நினைத்துப் பார்க்க முடியாத மழை.

50 செ.மீ. என்றால் எவ்வளவு? ஒன்றரை அடிக்குச் சற்று அதிகம். கேட்பதற்கு ஒன்றுமில்லைபோல் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஒரு செ.மீ. மழை பெய்தால் அது 10,000 கன மீட்டர் நீர், அதாவது ஒரு கோடி லிட்டர். 50 செ.மீ. பெய்தால் ஒவ்வொரு சதுர கிலோமீட்டரிலும் 50 கோடி லிட்டர். உங்கள் வீட்டு மொட்டைமாடி பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதன் மேல் மட்டும் 50,000 லிட்டர். குடிநீர் கொண்டுவரும் பெரிய லாரிகள் ஐந்தை வரிசையாக நிறுத்தி மாடியில் கவிழ்த்ததுபோல.

ஊத்தங்கரைப் பகுதியின் நீர் பாம்பாறு வழியாகத் தென்பெண்ணையில் சேர்கிறது. அந்தத் தென்பெண்ணையின் குறுக்கேதான் திருவண்ணாமலை மாவட்டத்தின் சாத்தனூர் அணை நிற்கிறது. 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த அணையின் முழு உயரம் 119 அடி. கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. டிசம்பர் 2 அதிகாலையில் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி நீரைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. ஒரு கன அடி என்பது சுமார் 28.3 லிட்டர். எனவே விநாடிக்கு ஏறத்தாழ 47 லட்சத்து 50 ஆயிரம் லிட்டர். எடையில் 4,750 டன். நிரம்பிய சாத்தனூர் அணைக்கு வரத்தே இல்லாமல் இதே வேகத்தில் நீரை வெளியேற்றினால், பன்னிரண்டு மணி நேரத்தில் அணை வற்றிப்போகும்! அவ்வளவு நீர். 2024 செப்டம்பரில்தான் திறக்கப்பட்ட அகரம்பள்ளிப்பட்டு–தொண்டமானூர் பாலத்தை அது அடித்துச் சென்றது. விழுப்புரம் மாவட்டத்தில் அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை மூழ்கடித்துப் போக்குவரத்தை நிறுத்தியது. கடலூர் வரை கரையோர ஊர்களுக்குள் புகுந்தது.

இப்போது நமது கேள்விக்கு வருவோம். தென்பெண்ணையில் நீர் பெருகி ஓடிற்றே, அது ஃப்ளட். கரையை மீறி வயலிலும் சாலையிலும் வீட்டுக் கூடத்திலும் ஏறி நின்றதே, அது இனண்டேஷன். நீரியல் வல்லுநர்கள் இந்த இரண்டையும் பிரித்தே பேசுவார்கள். ஆற்றில் பெருவெள்ளம் ஓடினாலும் கரைகள் உறுதியாக இருந்தால் ஊருக்குள் இனண்டேஷன் இராது. ஆறே இல்லாத ஊரிலும், வடிகால் அடைத்துக்கொண்டால் வெறும் மழையாலேயே இனண்டேஷன் ஏற்படும். முன்னதை விநாடிக்கு இத்தனை கன அடி என்று அளக்கிறோம். பின்னதை இத்தனை அடி ஆழம், இத்தனை ஏக்கர் பரப்பு, இத்தனை நாள் என்று அளக்கிறோம். ஆற்றைப் பற்றியது ஒரு சொல், நிலத்தைப் பற்றியது மற்றொரு சொல்.

உண்டா? உண்டு!

இனண்டேஷன் ஆங்கிலத்துக்கு வந்து சுமார் அறுநூறு ஆண்டுகள் ஆகின்றன. லத்தீன் மொழியில் ‘இன்’ என்றால் ‘மேலே, உள்ளே’. ‘உண்டா’ என்றால் அலை. சிரிக்காதீர்கள், உண்மையிலேயே ‘உண்டா’தான்! இரண்டும் சேர்ந்து ‘அலை மேலேறி வருதல்’ என்று பொருள் தந்தன. நம்முடைய ‘உண்டா’வுக்கும் அந்த ‘உண்டா’வுக்கும் எந்த உறவும் கிடையாது. ஒலி ஒன்றாக இருப்பதனால் மட்டும் சொற்கள் உறவினர் ஆகிவிட மாட்டா. இதை இங்கேயே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த ‘உண்டா’வின் குடும்பம் பெரியது. அலைபோல் மேலும் கீழுமாக அசைவது ‘அண்டுலேட்’. அலை அலையாக வந்து வழிந்தோடுவதுபோல் ஏராளமாக இருப்பது ‘அபண்டன்ஸ்’. அதாவது செழிப்பு என்ற சொல்லும் வெள்ளம் என்ற சொல்லும் ஒரே வயிற்றில் பிறந்தவை! இது வியப்பில்லை. ஆண்டுதோறும் நைல் நதி கரைபுரண்டு எகிப்து நாட்டின் வயல்களில் வண்டலைப் படியவிட்டுப் போன காலத்தில், அந்தப் பெருக்குதான் அவர்களுக்குச் சோறு. அந்தப் பருவத்துக்கே ‘அக்கெத்’ என்று பெயரிட்டிருந்தார்கள். கெய்ரோ நகரில் ரோடா தீவில் நீர் மட்டத்தை அளக்க கி.பி. 861-இல் கட்டிய கற்றூண் இன்றும் இருக்கிறது. 1970-இல் அஸ்வான் உயர் அணை முடிந்த பிறகு அந்தப் பெருக்கு நின்றுவிட்டது. காவிரிக் கரையில் ஆடிப்பெருக்கு கொண்டாடும் நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

‘ரிடண்டன்ட்’ என்று ஒரு சொல் உண்டு. ‘திரும்ப வழிவது’ என்பது அதன் நேர்ப்பொருள். நிரம்பிய பாத்திரத்தில் மேலும் ஊற்றினால் வழிந்துவிடும் அல்லவா? ஆகவே ‘தேவைக்கு மேற்பட்டது’ என்று பொருள் கொண்டது. சாதாரணப் பேச்சில் இச்சொல்லுக்குக் கொஞ்சம் இளக்காரமான தொனி உண்டு. பொறியியலாளர்களோ இதை மதிப்புடன் பயன்படுத்துகிறார்கள். ஒரு பம்பு பழுதானால் இயங்குவதற்கென்று இன்னொரு பம்பை வைத்திருப்பது அவர்கள் மொழியில் நல்ல குணம். நம் ஏரிகளில் கலிங்கு கட்டினார்களே, அதுவும் அப்படித்தான். பத்து ஆண்டுகளில் ஒன்பது ஆண்டுகள் அது வெறும் கல்லாக வெயிலில் கிடக்கும். பத்தாவது ஆண்டு அதுதான் ஏரிக்கரையைக் காப்பாற்றும்.

எல்லாவற்றிலும் விசித்திரமானது ‘சரௌண்டு’ என்ற சொல்லின் கதை. ‘சுற்றிச் சூழ்தல்’ என்று அதற்குப் பொருள் படித்திருப்பீர்கள். வட்டத்தைக் குறிக்கும் ‘ரௌண்டு’ அதற்குள் இருப்பதாகத்தானே நினைத்தீர்கள்? ஆங்கிலேயர்களும் அப்படியே நினைத்து ஏமாந்தார்கள்! லத்தீனில் ‘சூப்பர்’ என்றால் மேல். ‘சூப்பர்–உண்டா’ என்பது ‘மேலே அலையடித்தல்’, அதாவது வெள்ளத்தில் மூழ்கடித்தல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த ‘சரௌண்டு’ 15-ஆம் நூற்றாண்டில் அந்தப் பொருளையே தந்தது. ஆனால் ஒலி ‘ரௌண்டு’போல இருந்ததால் மக்கள் அதை வட்டத்தோடு இணைத்துவிட்டார்கள். 17-ஆம் நூற்றாண்டுக்குள் வெள்ளம் வடிந்து, வட்டம் மட்டும் எஞ்சிற்று. ஒலியை நம்பி உறவு கற்பித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இதில் வேடிக்கை என்னவென்றால், பிழைத்த கூட்டத்தோடு நாமும் ஒருவகையில் சேர்ந்திருக்கிறோம். “வீடுகளை வெள்ளம் சூழ்ந்தது” என்று நம் நாளிதழ்கள் எழுதுகின்றனவே! சூழ்தலும் மூழ்கடித்தலும் மனிதக் கண்ணுக்கு அவ்வளவு தூரத்தில் இல்லைபோலும்.

வடமொழிச் சுற்றத்தார்

‘உண்டா’வின் கொடிவழி ரோமாபுரியோடு நின்றுவிடவில்லை. 1786-இல் கல்கத்தாவில் சர் வில்லியம் ஜோன்ஸ் ஓர் உரை நிகழ்த்தினார். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் ஆகியவை ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவையாக இருக்க வேண்டும் என்று அதில் சொன்னார். அந்தக் குடும்பத்தில் நீரைக் குறித்த பழைய வேர் ஒன்று உண்டு. சமஸ்கிருதத்தில் ‘உந்த்’ என்றால் நனைத்தல். ‘உதகம்’ என்றால் நீர். நீர்கள் ஒன்று கூடுமிடம் ‘சமுத்திரம்’; அந்தச் சொல்லின் நடுவில் ஒளிந்திருக்கும் ‘உத்’ இதே நீர்தான். கிரேக்கத்தில் ‘ஹைட்ரோ’, ஹைட்ரஜன் என்று நீங்கள் படிப்பது ‘நீரை உண்டாக்குவது’. ரஷ்ய மொழியில் ‘வதா’. ஆங்கிலத்தில் ‘வாட்டர்’.

“உதகத்தில் ‘த’, வாட்டரில் ‘ட்ட’, இது எப்படிப் பொருந்தும்?” என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இங்கே ஒலி ஒத்திருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. ஒலி ஓர் ஒழுங்கோடு மாறுகிறது என்கிறார்கள். லத்தீன், சமஸ்கிருதச் சொற்களில் ‘த்’ வகை மெல்லொலி வரும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘ட்’ வகை வல்லொலி வரும். தசம் என்பது அங்கே ‘டென்’. தந்தம் என்பது ‘டூத்’. அதேபோல் இங்கே ‘ப’ என்றால் அங்கே ‘ஃப’: பிதா – ஃபாதர், பாதம் – ஃபுட். இந்த விதியை 1822-இல் தெளிவாக வகுத்தவர் யாக்கோப் கிரிம். ஆம், தம்பியுடன் சேர்ந்து தேவதைக் கதைகளைத் தொகுத்தாரே, அவரேதான்!

கிரிம் விதியைக் கையில் வைத்துக்கொண்டு ‘ஃப்ளட்’ என்ற சொல்லை நீங்களே திறக்கலாம். ‘ஃப’வை ‘ப’வாக்குங்கள். சமஸ்கிருதத்தில் ‘ப்லு’ என்றால் மிதத்தல், நீரில் செல்லுதல். தமிழ் ஆண்டுகள் அறுபதில் ‘பிலவ’ என்று ஒன்று வருகிறதே, 2021 சித்திரையில் பிறந்தது, அந்தப் பெயர் இந்த வேரிலிருந்து வந்ததுதான். ஃப்ளட், ஃப்ளோ, ஃப்ளோட் எல்லாம் பிலவ ஆண்டின் ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

திருவண்ணாமலைக்குக் கிரிவலம் சென்றவர்கள், மலையின் தென்மேற்கே ‘சமுத்திரம் ஏரி’ என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். கடலே கண்ணுக்கெட்டாத அக்கினித் தலத்தில் ஒரு சமுத்திரம்! அதன் பெயருக்குள் இருக்கும் நீரும் இனண்டேஷனுக்குள் இருக்கும் அலையும் ஒரே ஊற்று என்று இனி உங்களுக்குத் தெரியும்.

தமிழின் ‘வெள்ளம்’ இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அது திராவிடச் சொல். தெலுங்கில் ‘வெல்லுவ’ என்றால் பெருக்கு. மலையாளத்தில் ‘வெள்ளம்’ என்றால் வெறும் தண்ணீர். கேரளத்து யாத்திரிகர் ஒருவர் திருவண்ணாமலை டீக்கடையில் வெள்ளம் கேட்டால் பயப்பட வேண்டாம், ஒரு குவளை போதும்! பழந்தமிழில் ‘வெள்ளம்’ ஒரு பேரெண்ணின் பெயருமாகும். இராமனுக்குத் துணை வந்த வானரப் படையை எழுபது வெள்ளம் என்று கம்பர் எண்ணுகிறார். கார்த்திகை தீபத்தன்று ‘மக்கள் வெள்ளம்’ என்று எழுதும் நிருபர் உவமை சொல்வதாக நினைக்கிறார். பழைய கணக்கின்படி பார்த்தால் அவர் எண்ணிக்கையை மிகையாகச் சொல்கிறார்!

மலை மேலிருந்து வந்தது

சொல்லாராய்ச்சி இன்பமானது. ஆனால் 2024 டிசம்பர் 1-ஆம் தேதி மாலை திருவண்ணாமலையில் நடந்ததற்கு, இதுவரை பார்த்த எந்தச் சொல்லும் பொருந்தாது.

அண்ணாமலை சுமார் 814 மீட்டர் உயரமுள்ள பாறை மலை. அதன் அடிவாரச் சரிவில் வீடுகள் நெருக்கமாக அமைந்த பகுதிகள் உள்ளன. வ.உ.சி. நகர் அவற்றில் ஒன்று. அன்று மாலை, மழையில் ஊறிய மண்ணும் பெரும் பாறைகளும் மலையிலிருந்து சரிந்து இறங்கி அங்கே ஒரு வீட்டைப் புதைத்தன. உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். உங்களைப்போல் பள்ளிக்கூடம் போகும் வயதினர். மீட்புப் படையினர் பாறைகளை அகற்றி உடல்களை மீட்க இரண்டு நாட்களுக்கு மேல் ஆயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 13-இல் தீபம் ஏற்றியபோது, வழக்கம்போல் மலையேறிப் பார்க்கப் பக்தர்களுக்கு அனுமதி தரவில்லை.

“தாழ்வான பகுதிகளில் நீர் சூழும்” என்ற எச்சரிக்கையைக் கேட்கும் ஒருவர் என்ன நினைப்பார்? மேட்டில் இருந்தால் பிழைத்தோம் என்றுதான் நினைப்பார். நம் முன்னோர்களின் அனுபவமும் அதுதான். வெள்ளம் வந்தால் மேடேறு. இனண்டேஷன் என்ற சொல்லே பள்ளத்தைப் பற்றிய சொல். அலை ஏறிவரும் இடத்தை மட்டுமே அது சுட்டுகிறது. மலைச்சரிவில் வசிப்பவருக்கு அதே மழை வேறோர் ஆபத்தைக் கொண்டுவருகிறது. அதற்கு வேறு சொல்லும் வேறு எச்சரிக்கையும் வேண்டும்.

அந்த ஆபத்து எப்படி உருவாகிறது? மலையின் உறுதியான பாறை மீது, வெயிலிலும் மழையிலும் சிதைந்த மண் ஒரு போர்வையாகக் கிடக்கிறது. அதில் சிறிதும் பெரிதுமாக உருண்டைப் பாறைகள் புதைந்திருக்கும். மண் துகள்களுக்கிடையே இடைவெளிகள் உண்டு. சிறிது ஈரம் இருக்கும்போது, அந்த இடைவெளிகளில் உள்ள நீர் துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கடற்கரையில் ஈர மணலால் வீடு கட்டுகிறீர்களே, அந்தப் பிடிப்புதான். மழை நிற்காமல் பெய்தால் இடைவெளிகள் முழுவதும் நிரம்பிவிடும். அப்போது பிடிப்பு போய்விடும். அது மட்டுமல்ல; உள்ளே சிக்கிய நீர் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கித் தள்ளத் தொடங்கும். கீழே உள்ள பாறைக்குள் நீர் எளிதில் இறங்காது. எனவே மண்ணும் பாறையும் சந்திக்கும் தளத்தில் நீர் தேங்கி, வழுக்கும் தளமாக அதை மாற்றிவிடும். மண் போர்வையின் எடையோ நீரால் கூடிவிட்டது. அதைத் தாங்கி நின்ற உராய்வோ குறைந்துவிட்டது. ஒரு கணத்தில் இரண்டும் சமன் இழக்கும்போது எல்லாம் சேர்ந்து நகரும்.

நகரத் தொடங்கிய கலவை தண்ணீரைப்போல் ஓடும். ஆனால் தண்ணீர் அன்று. மண் கலந்திருப்பதால் அதன் அடர்த்தி நீரைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே தெளிந்த நீர் அசைக்க முடியாத பாறைகளை அது அநாயாசமாகத் தூக்கி வரும். ஆற்றில் வெள்ளம் ஏறுவதைப் பல மணி நேரம் முன்பே அணையின் அளவுகோலில் படித்து எச்சரிக்கலாம். சரிவில் அந்த அவகாசம் கிடையாது. ஆனால் சில அடையாளங்கள் முன்கூட்டியே தென்படுவதுண்டு. தரையிலோ சுவரிலோ புதிதாக விரிசல் காணும். மரங்களும் மின்கம்பங்களும் சாயும். வழக்கமாகத் தெளிவாக வரும் ஓடை திடீரெனக் கலங்கும், அல்லது மழை பெய்துகொண்டிருக்கும்போதே வற்றும். ஓடை வற்றினால் மேலே எங்கோ மண் சரிந்து அடைத்திருக்கிறது என்று பொருள். அப்போது அந்த இடத்தைவிட்டு உடனே விலக வேண்டும். ஓடையின் போக்கில் கீழ்நோக்கி ஓடாமல், பக்கவாட்டில் விலக வேண்டும்.

வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு பழைய தட்டையும், சலித்த மணல் இரண்டு கைப்பிடியும், ஐந்தாறு கூழாங்கற்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டின் ஒரு முனையைச் செங்கல் மீது வைத்துச் சரிவாக்குங்கள். உலர்ந்த மணலை அதில் பரப்பிக் கற்களைப் புதையுங்கள். மணல் கொஞ்சம் உதிரும். பிறகு கையால் நீர் தெளித்து அழுத்துங்கள். சரிவை இன்னும் கூட்டினாலும் மணல் நிற்கும். இனி ஒரு கரண்டியால் சிறிது சிறிதாக, மேல்முனையில் நீர் விட்டுக்கொண்டே இருங்கள். எத்தனையாவது கரண்டியில் மணல் நகர்ந்தது? முதலில் நகர்ந்தது மேற்பகுதியா, அடிப்பகுதியா? கற்கள் மணலுக்கு முன்னால் போயினவா, பின்னாலா? அடுத்த முறை மணலுக்குள் சில அறுகம்புல் வேர்களைப் பதித்துவிட்டுக் கரண்டிகளை மறுபடியும் எண்ணுங்கள். இரண்டு எண்களையும் நோட்டுப் புத்தகத்தில் அருகருகே எழுதி வையுங்கள்.